யாருக்கு வந்த எதிர்ப்புச் சக்தி

…நூற்று முப்பத்தொன்றா, முப்பத்திரண்டா, எண்ணிக்கை தவறிப்போய்விட்டது, தவறினால்தான் என்ன, படிக்குப் படி குனிந்து மஞ்சள் தடவி அதன்மேல் குங்குமம் வைத்து நிமிர்கிறவளுக்கு முந்நூற்று அறுபத்தைந்தும் ஒரே படிதான், வேண்டுதல் அண்ணியுடையது, இடுப்பு வலி என்னுடையது, முருகா, இந்த நியாயத்தை நீ எங்கே கற்றுக்கொண்டாய்? அண்ணி எனக்கு நாலு படி மேலே உட்கார்ந்துகொண்டு தண்ணீர் பாட்டிலைத் திறக்கிறாள், மூடுகிறாள், திறக்கிறாள், குடிக்கவில்லை, மூச்சு வாங்குகிறது என்பதை நான் பார்க்கக்கூடாதாம். ஆட்டோவில் போகலாம் அண்ணி, திருத்தணி மலைமேல் வரைக்கும் ரோடு போட்டு வைத்திருக்கிறான் என்று கீழே பத்துத் தடவை சொன்னேன், காலையில் அம்மையார்குப்பத்தில் பஸ் ஏறும்போதே சொன்னேன், "ரோட்ல போறதுக்கா வேண்டிக்கினேன், படி ஏறி வரேன்னு வேண்டிக்கினேன்" என்று ஒரே பிடி. சரி, படி ஏறுங்கள், படிக்குப் படி பொட்டு வைக்கிறேன் என்று எதற்காகச் சேர்த்து வேண்டிக்கொள்ள வேண்டும், குனிந்தால் வயிறு இழுக்கிறது என்று தெரியாதா, தெரியும், அதற்குத்தான் தீபா இருக்கிறாளே. புருஷன் விட்டுப்போய் அண்ணன் வீட்டுக்கு வந்து பதினோரு வருஷம் ஆன நாத்தனாருக்கு வேறு என்ன வேலை, குனியட்டும். கீழே ஊரில் திருப்பதி பஸ்காரன் ஹாரனை அழுத்தியபடியே நிற்கிறான், அது இங்கே வரைக்கும் கேட்கிறது, என் பைக்குள் ஆஸ்பத்திரியில் கொடுத்த அந்தப் படிவம் இருக்கிறது, பதினாலு பக்கம், மடிக்காமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறேன், பை இடது தோளை இழுக்கிறது, பதினாலு தாள் அவ்வளவு கனமா என்ன…

எல்லாம் ஒரு வார்த்தையால் வந்தது. ஒன்பது நாளைக்கு முன்னால், மெட்ராஸ் ஆஸ்பத்திரியில், மூன்றாம் மாடி அறையில், சின்ன டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்துக்கொண்டே, பாவம், நல்ல தமிழில் சொல்ல வேண்டும் என்று நினைத்து, "எதிர்ப்புத் தன்மை வந்திருக்கும்மா" என்றாள். அவள் சொன்னது கட்டிக்கு. சினைப்பையில் வந்த கட்டி, முதல் ஆறு ஊசிக்குச் சுருங்கிப்போய், ஏழு மாசம் இருந்த இடம் தெரியாமல் கிடந்து, திரும்பி வந்து, இந்தத் தடவை போட்ட ஊசி எதற்கும் மசியாமல் உட்கார்ந்திருக்கிறதே, அதற்கு மருந்தை எதிர்க்கும் தன்மை வந்துவிட்டது என்றாள். அண்ணிக்குக் கேட்டது வேறு. கொரோனா காலத்தில் டீக்கடை முதல் ரேஷன் கடை வரைக்கும் எதிர்ப்பு சக்தி, எதிர்ப்பு சக்தி என்று ஊரே கஷாயம் குடித்ததே, அந்தச் சக்தி கேட்டது. "எதிர்ப்பு சக்தியா? வந்துடுச்சா?" என்று அண்ணி என் பக்கம் திரும்பினாள். டாக்டரம்மாவுக்கு அந்த நேரம் பார்த்து போன் வந்துவிட்டது. அண்ணியின் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை, கல்யாணப் போட்டோவில்கூட அந்த முகம் இல்லை, கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு, நான் "ஆங்" என்றேன். அவ்வளவுதான். ஒரு எழுத்துக்கு மேல் ஒரு எழுத்து, அதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? டாக்டரம்மா பேசாமல் "மருந்து கேக்கல" என்று நம் பாஷையில் சொல்லியிருக்கலாம், மருந்து கேக்கலைன்னா மாட்டுக்கு வைத்தியம் பார்க்கிறவனுக்குக்கூடப் புரியும், படித்தவர்களுக்குத்தான் அந்த வார்த்தை வராது.

அவள் மேல் பழியைப் போடுவானேன். எனக்கு முதலிலேயே தெரியும், அதற்கு முந்தின தடவையே பெரிய டாக்டர் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார், வேலை செய்யலம்மா, வேற யோசிக்கணும் என்று. தெரிந்துதான் ஆங் என்றேன். என் பிழைப்பும் அப்படி, தாலுகா ஆபீசுக்கு எதிரே இ-சேவை மையத்தில் எட்டு வருஷமாக ஊரார் படிவத்தைப் பூர்த்தி செய்கிறேன், வருமானச் சான்று, சாதிச் சான்று, பட்டா மாற்றம், கே.ஜி.கண்டிகையிலிருந்து களையெடுப்பை விட்டுவிட்டு ஒரு கிழவர் வந்து நிற்பார், இதுல இன்னாம்மா எழுதிகீது என்பார், அதை விளக்கப் போனால் பின்னால் இருபது பேர் கத்துவார்கள், ஒன்றுமில்லை, இங்கே கையெழுத்துப் போடுங்கள், அவ்வளவுதானேம்மா, ஆங், அவ்வளவுதான். ஒரு நாளைக்கு நூறு ஆங். அந்த நூறோடு ஒன்று, அன்றைக்கு அண்ணிக்கும் விழுந்துவிட்டது. ரயிலில் திருத்திவிடலாம் என்றுதான் நினைத்தேன், முருகன் சத்தியமாக. ஆவடி தாண்டட்டும் என்றேன், திருவள்ளூரில் கூட்டம் இறங்கட்டும் என்றேன், அரக்கோணத்தில் அண்ணி வேர்க்கடலை வாங்கி எனக்கும் பாதி கொடுத்துவிட்டு என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள், பதினோரு வருஷத்தில் முதல் முறையாக என் தோளில். தூங்குகிறவளை எழுப்பியா சொல்வது? திருத்தணியில் இறங்கும்போது தூக்கக் கலக்கத்தில், "ஏதோ புது ஊசின்னாங்களே, அது எதுக்கு?" என்று கேட்டாள், "அது சத்து ஊசி மாதிரி அண்ணி" என்றேன். ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொரு பொய், இதற்குப் பேர்தான் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது, அதுவும் அண்ணி சமைக்கிற அரை ஆழாக்குச் சோற்றில்.

நூற்று எழுபது இருக்கும். மஞ்சள் விரலிடுக்கில் காய்ந்து வெடிக்கிறது. ஒரு குரங்கு குங்குமப் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டு கைப்பிடிச் சுவரில் கூடவே வருகிறது, வா, நீயாவது ரெண்டு படிக்கு வை… மறுநாள் காலையிலேயே தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. அண்ணன் ஹேமநாதன் பவர்லூமை நிறுத்திவிட்டு, ஆயுத பூஜைக்கே யோசித்து நிறுத்துகிறவன், ஆர்.கே.பேட்டை போய் ஸ்வீட் வாங்கிவந்து வீட்டு வீட்டுக்குக் கொடுத்தான். ஆஸ்பத்திரி வாசனைக்கே மயங்கி விழுகிற மனுஷன் அவன், அதனால்தான், தீபாதான் படிச்சவ, நாலு பாரம் ரொப்பறவ, அவளே கூட்டினு போவட்டும் என்று ஒன்றரை வருஷமாக என்னை அனுப்பினான், அன்றைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு, நைனா இருந்திருந்தா உன்ன நெனச்சு சந்தோஷப்பட்டிருப்பாரு என்று அழுதான், செத்துப்போன அப்பாவை எல்லாம் இதில் இழுக்க வேண்டுமா? ஓசூரில் கைக்குழந்தையோடு இருக்கிற மோகனப்ரியா, அண்ணியின் மகள், போனில் ஓவென்று அழுதாள், அத்தை, நீங்கதான் எங்கம்மாவுக்கு உசுரு குடுத்தீங்க என்றாள். எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டேன், பக்கத்து வீட்டுக் கெங்கம்மாள் வந்து, இன்னா சாப்ட்ட கோமளா, சக்தி வர்றதுக்கு என்று கேட்டபோது, அண்ணி என்னைக் காட்டி, "எல்லாம் தீபா வச்சு குடுத்த முருங்கக்கீர சூப்புதான்" என்றாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை. இதே கெங்கம்மாளிடம், இதே வாசலில், ஒண்ட வந்தவ ஊர் மேய்ஞ்சிட்டு எட்டு மணிக்கு வர்றா என்று என்னைப் பற்றிச் சொன்னவள் இதே அண்ணி, அதற்கப்புறம் ரெண்டு வருஷம் ஒரே வீட்டில் ரெண்டு அடுப்பு எரிந்தது, அந்த வார்த்தை இன்னும் என்னிடம் இருக்கிறது, இத்தனை ஊசிக்கும் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேனே, அப்போதும் இருந்தது, அதை எடுத்து வைத்துவிட்டு வேலை பார்க்கத் தெரியும் எனக்கு. ஆனால் நன்றி சொன்னால் என்ன செய்வது என்று தெரியாது, அதுவும் பொய்க்கு வந்த நன்றி.

இருநூற்றுப் பத்தோ என்னவோ, நிழலாக ஒரு வளைவு, அங்கேதான் அண்ணி அதைச் சொன்னாள். சாவதானமாக, தலைமேல் முந்தானையைச் சரி செய்துகொண்டே. "ஏ தீபா, நாளைக்கி மெட்ராசுக்கு வரலன்னு போன் பண்ணி சொல்லிடு." நான் குனிந்திருந்தேன், குங்குமம் வைத்த விரல் அப்படியே படியில் நின்றுவிட்டது. "ஏன் அண்ணி?" "அதான் எதிர்ப்பு சக்தி வந்துடுச்சே. இனிமே எதுக்கு ஊசி? சத்துக்குத்தான்னா உன் சூப்பு போதும். நீயும் எத்தினி நாள் லீவு போட்டுகினே இருப்ப?" கடைசி வார்த்தையில் ஒரு பரிவு, எனக்காகப் பார்க்கிறாளாம். நான் எழுந்து நின்றேன். இந்த ஒன்பது நாளும் என் பொய் யாரையும் எதுவும் செய்யவில்லை என்றுதானே நினைத்துக்கொண்டிருந்தேன், நாலு நாள் சந்தோஷமாக இருக்கட்டுமே, நாளைக்கு ஆஸ்பத்திரியில் படிவத்தை நீட்டும்போது எப்படியாவது, யாராவது, அவர்களே சொல்லிக்கொள்ளட்டும் என்று. ஆஸ்பத்திரிக்கே வரமாட்டேன் என்பாள் என்று ஏன் தோன்றவில்லை? குணமாகிவிட்டதாக நினைக்கிறவள் ஏன் வருவாள்? பத்து மணிக்கு, ஆஸ்பத்திரியில் அந்தப் புது மருந்தைச் சோதிக்கிற ஆராய்ச்சிப் பிரிவிலிருந்து ஒரு பெண் போன் செய்வாள், வருகிறீர்களா இல்லையா, நாளை ஒன்பது மணிக்குள் வராவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும் என்று முன்பே சொல்லியிருக்கிறாள். செல்போனைப் பார்த்தேன், எட்டு ஐம்பது. "மேல போய் பேசிக்கலாம் அண்ணி" என்றேன். "சொல்லிடு, மறந்துடாத" என்று அண்ணி எழுந்தாள், முழங்காலில் கையை ஊன்றி, ஒரு படி, இன்னொரு படி.

எப்படிச் சொல்வது? சின்ன டாக்டரம்மா எனக்குச் சொன்ன மாதிரியா? அண்ணியை ரத்தம் எடுக்க அனுப்பிவிட்டு, ஸ்கேன் உறையின் பின்பக்கத்தில் படம் போட்டாள், ஒரு வட்டம், அதன் சுவரில் குட்டிக் குட்டிப் பம்புகள். இதுதான் கேன்சர் செல், நாம கொடுக்கிற மருந்து உள்ளே போனதும் இந்தப் பம்ப் அதை இழுத்து வெளியே தள்ளிடுது, கிணற்றில் ஊறுகிற தண்ணீரை மோட்டார் வெளியே இறைக்கிற மாதிரி, அதனால்தான் எவ்வளவு போட்டாலும் சேரலை. இப்போ அதே மருந்தைக் கொழுப்பால் சுற்றி, ரொம்ப ரொம்பச் சின்ன உருண்டையாக்கி அனுப்பறோம், நானோ துகள்னு பேரு, எவ்வளவு சின்னது என்றால்… என்று தன் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கிக் காட்டினாள், இதோட அகலத்துல ஆயிரத்துல ஒரு பங்கு. செல் அதைத் தீனின்னு நினைச்சு விழுங்கிடும், பம்புக்கு அடையாளம் தெரியாது, உள்ளே போய்த்தான் உருண்டை உடையும், கூடவே பம்பை மூடற இன்னொரு மருந்தும் அதுக்குள்ளயே இருக்கு. கேட்க நன்றாகத்தான் இருந்தது, எங்கள் தெருவில் யாராவது இப்படி மாறுவேஷம் போட்டு உள்ளே நுழைந்தால் போலீசில் பிடித்துக் கொடுப்போம். பலிக்குமா டாக்டர் என்றேன். பலிக்கலாம், அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்த ஆராய்ச்சி, பதினோரு பேருக்குப் போட்டிருக்கோம், ஆறு பேருக்குக் கட்டி சின்னதாகியிருக்கு, எவ்வளவு நாளைக்குன்னு சொல்ல முடியாது என்றாள், பொய் சொல்லவில்லை, அவள் வயசு இருபத்தெட்டு இருக்குமா, என்னைவிட அவளுக்குத் தைரியம். அப்புறம் படிவத்தைக் கொடுத்தாள். வீட்டில் படிச்சுக் காட்டுங்க, அவங்களுக்குப் புரிஞ்சு, அவங்களே சரின்னு சொன்னாத்தான் கையெழுத்து, நீங்க சொல்லிப் போடக்கூடாது என்று ரெண்டு தடவை சொன்னாள், என் வேலை என்ன என்று அவளுக்கு யார் சொன்னது?

ஒன்பது நாளாக அதை நான் மட்டும் படிக்கிறேன். மையத்தில், மதியம், சோற்று டப்பாவை மூடிவிட்டு. "தங்களது புற்றுநோய் செல்கள் மருந்துக்கு எதிர்ப்புத் தன்மை பெற்றுள்ளமையால்…" பெற்றுள்ளமையால்! பரிசு பெற்ற மாதிரி, பட்டம் பெற்ற மாதிரி. "தங்களுக்கு நேரடிப் பயன் கிடைக்கலாம் அல்லது கிடைக்காமலும் போகலாம்." "எந்நேரமும் தாங்கள் விலகிக்கொள்ளலாம்." விலகிக்கொள்ளலாம் என்ற இடத்தில் ஒவ்வொரு தடவையும் என் கண் கொஞ்ச நேரம் நின்றுவிடும், நல்ல வார்த்தை, நோயாளிக்கு மட்டும் அந்த வசதி உண்டு, கூட வருகிறவளுக்கு அப்படி ஒரு வரி பதினாலு பக்கத்தில் எங்கேயும் இல்லை, தேடிப் பார்த்தேன். சரி, வாயைத் திறந்து நேராகச் சொல்லிவிட்டால் என்ன? அண்ணி, அது உங்கள் சக்தி இல்லை. அப்படியா, பின்னே யாருடையது? அடுத்த வரி வரமாட்டேன் என்கிறது. சொன்னால் இந்தப் படியிலேயே உட்கார்ந்துவிடுவாளா, என்னை ஒரு அறை விடுவாளா, ஒண்ட வந்தவ சதி பண்ணிட்டா என்று கீழே போய்ச் சொல்வாளா, அண்ணன் கொடுத்த ஸ்வீட்டைத் தெருவில் யாரிடம் திருப்பிக் கேட்பது? சொல்லாவிட்டால்? சொல்லாவிட்டால் ஊசி இல்லை, கட்டி இருக்கிறது, அவ்வளவுதான், அதற்கு மேல் கணக்குப் போட எனக்குத் தெரியாது. நல்லதுக்குத்தானே சொன்னேன் என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன், அவள் சந்தோஷத்துக்குத்தானே? அந்த மூன்றாம் மாடியில், காலை நாலரை மணிக்கு எழுந்தவள் மதியம் ரெண்டு மணிக்கு, பசி, தலைவலி, பக்கத்து பெஞ்சில் ஒருத்தி வாந்தி எடுக்கிறாள், அப்போது இல்லை என்று சொல்லியிருந்தால் அண்ணி அழுவாள், தேற்ற வேண்டும், அழுகிறவளைக் கூட்டிக்கொண்டு ரெண்டரை மணி நேரம் ரயிலில் வர வேண்டும்… ஆங் என்றால் ஒன்றும் இல்லை. அன்புக்காக இல்லை, சும்மா விடு என்று வந்த அசதிக்காகத்தான். இதை யாரிடம் சொல்வது, முருகனிடமா, அவனுக்குத்தான் இவ்வளவு பொட்டு வைக்கிறேனே, தெரிந்துகொள்ளட்டும்.

முந்நூற்று அறுபத்தைந்து. கடைசிப் படிக்குக் குங்குமம் போதவில்லை, பொட்டலத்தை உதறி வைத்தேன். மேலே ஒன்பதரை மணிக்கே வெயில் கல்லைச் சுட வைத்துவிட்டது, முடி இறக்குகிற மண்டபத்துக்கு வெளியே வரிசை, மொட்டையடித்த குழந்தைகள் சந்தனத் தலையோடு அழுகின்றன, யாரோ ஒரு குடும்பம் அரோகரா சொல்லிக்கொண்டு போகிறது. அண்ணி சீட்டை வாங்கிக்கொண்டு முந்தானையை எடுத்தாள். ஒரு அங்குல முடி, குட்டிக்குட்டியாக, பாதி வெள்ளை, முதல் ஊசிக்குக் கொத்துக் கொத்தாகப் போனபோது, திரும்ப முளைச்சா மொத முடி உனக்குத்தான் என்று வேண்டிக்கொண்டது, ரெண்டாவது தடவை போட்ட ஊசிகள் கட்டியையும் ஒன்றும் செய்யவில்லை, முடியையும் ஒன்றும் செய்யவில்லை. சுவரோரம் நிழலில் உட்கார்ந்தோம், எங்களுக்கு முன்னால் ஏழு பேர். "போன் பண்ணிட்டியா?" என்றாள் அண்ணி. அவ்வளவுதான், இதற்கு மேல் படி இல்லை. "அண்ணி, எதிர்ப்பு சக்தி உங்களுக்கு வர்ல" என்றேன். "அதுக்கு வந்துகீது." "எதுக்கு?" கையை அவள் வயிற்றுப் பக்கம் நீட்ட முடியவில்லை, என் வயிற்றையே தொட்டுக் காட்டினேன். "கட்டிக்கு. ஊசி உள்ள போனா வெளிய தள்ளிடுதாம். மருந்து கேக்கல அண்ணி."

கேக்கல என்றதும் புரிந்துவிட்டது. அழவில்லை. கையில் இருந்த சீட்டை நாலாக மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். வரிசையில் ரெண்டு பேர் எழுந்து போனார்கள். "எப்பலேருந்து?" "போன தபா ஸ்கேன்லேருந்து." "உங்கண்ணனுக்குத் தெரிமா?" "தெரியாது." "ப்ரியாவுக்கு?" "யாருக்கும் தெரியாது அண்ணி, நாந்தான்… நீங்க கேட்டப்ப நாந்தான் ஆங்னுட்டேன்." "ஒம்போது நாளா ஒண்டியா வச்சுகினு இருந்தியா" என்றாள், அது திட்டா ஆறுதலா, இப்போது நினைத்தாலும் பிடிபடவில்லை, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னாள். நான் பையிலிருந்து படிவத்தை எடுத்து, புது ஊசிக்கு என்றேன், "அந்த பாரத்துல இன்னா எழுதிகீது, படி" என்றாள். படித்தேன். எட்டு வருஷத்தில் ஒரு படிவத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரைக்கும் ஒருத்தருக்குப் படித்துச் சொன்னது அன்றுதான், பெற்றுள்ளமையால் என்றதை வந்துட்டதால என்றேன், நானோ துகளுக்கு நம் பாஷையில் ஒன்றும் இல்லை, சின்ன டாக்டரம்மா செய்த மாதிரி என் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கிக் காட்டி ஆயிரத்தில் ஒரு பங்கு என்றேன், பம்பு, கொழுப்பு, தீனி, எல்லாம் சொன்னேன், எத்தினி பேருக்குப் போட்டாங்க என்றாள், பதினோரு பேர், எத்தினி பேருக்குக் கேட்டுச்சு, ஆறு, எத்தினி நாளைக்கி, தெரியாதாம். கிடைக்காமலும் போகலாம் என்ற வரி வந்தபோது விரலை அதன்மேல் வைத்து நிறுத்திவிட்டேன், அண்ணிதான் "உம், மேல" என்றாள். நடுவில் அந்த ஆராய்ச்சிப் பிரிவுப் பெண்ணின் போன் வந்தது, அஞ்சு நிமிஷத்தில் கூப்பிடுகிறேன் என்று வைத்தேன். பதினாலாம் பக்கம் முடிந்தது. கையெழுத்துக்கான கோடு இருக்கிற இடத்தை அண்ணி விரலால் தடவிப் பார்த்தாள், ஊசி போட்டுப் போட்டு நகமெல்லாம் கறுத்திருந்தது, விளக்குத் திரி போல மெலிந்த விரல், இந்த விரல்தானே என்னைப் பார்த்து நீண்டது, இந்த விரலுக்குத்தானே நான் மருதாணி வைத்தேன், கட்டி வந்த புதிதில், ஊசிக்கு நல்லதாம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு. அதற்குள் எங்கள் முறை வந்துவிட்டது.

"முழு மொட்டையா, பூமுடியாம்மா?" என்று கேட்ட நாவிதர், தலையைப் பார்த்துவிட்டு, "இதுல இன்னாம்மா எடுக்கறது" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். நான் குறுக்கே விழுந்து, அண்ணி, வேண்டாமே, இப்போ எதுக்கு என்றேன். "குடுக்கறேன்னது குடுக்கறேன்னதுதான். எதுக்குன்னு மட்டும் மாத்தி சொல்லிடறேன்" என்று முன்னால் போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்தாள், நாவிதர் தண்ணீரைத் தெளித்து, பின்கழுத்தில் கை வைத்துத் தலையைக் குனிய வைத்தார், நான் துண்டைப் பிடித்துக்கொண்டு எதிரே மண்டி போட்டேன். பிளேடு முதல் கோடு போட்டதும் அண்ணி குனிந்தபடியே சிரித்தாள், தோள் குலுங்கியது, அழுகிறாளோ என்று பார்த்தேன், இல்லை, சிரிப்புத்தான். "மயிரக் கட்டி மலய இழுக்கறதுதான் தீபா. வந்தா மல, போனா மயிரு. எங்கிட்ட அதுவும் ஒரு இஞ்சிதான் கீது." நாவிதரும் சிரித்துவிட்டார், ஆடாதீங்கம்மா என்றார். பிறகு, குனிந்த தலைக்குக் கீழிருந்து, சாதாரணமாக, நாளைக்கு என்ன குழம்பு என்று கேட்கிற மாதிரி, "நாளைக்கி எத்தினி மணிக்கு வண்டி?" என்றாள்.

வருகிறாள். வரேன் என்கிறாள், இதற்குத்தானே சொன்னேன், இதற்குத்தானே ஒன்பது நாள் தூங்கவில்லை, இப்போது நான் அழ வேண்டும், அப்பாடா என்று முருகனைப் பார்த்துக் கும்பிட வேண்டும், இல்லையா… ஆனால் எனக்குள் ஏதோ பொத்தென்று இறங்கியது, நாள் முழுக்க நின்றுவிட்டு வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியவளை, இன்னும் ஒரு நடை கடைக்குப் போய் வா என்று அனுப்பினால் இறங்குமே, அது. அண்ணி வேணாம் என்பாள் என்று நான் காத்திருந்திருக்கிறேன். படிவத்தை ஒழுங்காகப் படித்துக் காட்டியாயிற்று, பொய் இல்லை, ஒளிவு மறைவு இல்லை, அவளே யோசித்து அவள் வாயாலேயே வேணாம் என்றால் என் மேல் ஒரு குற்றமும் இல்லை, நாளைக்கு நாலரை மணிக்கு எழுந்திருக்க வேண்டாம், மூன்றாம் மாடி வேண்டாம், பெஞ்சு வேண்டாம், இன்னும் ஆறு மாசமோ எட்டு மாசமோ… அந்த நினைப்பு எப்போது உள்ளே வந்தது? படிக்கிறபோதா, படி ஏறுகிறபோதா, விலகிக்கொள்ளலாம் என்ற வரியில் கண் நின்றதே, அப்போதா, அல்லது அதற்கும் முன்னால், யாருக்கும் தெரியாமல், எனக்கே தெரியாமல்? இவள் சாக வேண்டும் என்று நினைப்பவளா நான்? இல்லை, சத்தியமாக இல்லை, இந்தக் கழுத்தில் வேர்வை வழிந்தால் என் முந்தானை தானாகப் போய்த் துடைக்கிறது, இதோ துடைக்கிறது. ஆனாலும் வரேன் என்றதும் எனக்குச் சந்தோஷம் வரவில்லையே. "தீபா, வண்டி எத்தினி மணிக்குன்னு கேட்டேன்" என்றாள் மறுபடியும். "மொத வண்டி அண்ணி, விடியறதுக்குள்ள கௌம்பணும்" என்றேன், குரல் சரியாகத்தான் வந்தது. "உங்கண்ணன் வேணாம், மயங்கி வியுவான். நீ இருந்தா போதும் எனுக்கு" என்றாள். நாவிதர் இன்னும் அவள் தலையை அழுத்திப் பிடித்திருந்தார், அவளால் நிமிர்ந்து என்னைப் பார்க்க முடியவில்லை, நானும் நிமிர்த்தச் சொல்லவில்லை.